கால்சட்டைச் சாமி

நான் ஒரு சாமிக்குத் தீ வைத்தவள். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாக இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார்கள். மருமகன் சொன்னால் கோட்டையே பற்றி எரியும். பேரன் சொன்னால் பீரங்கி வெடிக்கும். நடந்தது நடந்தபடி தெரிந்தவள் நான்தான். தீப்பெட்டி என் கையில் இருந்தது.

நான் பிறந்தது பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். வாக்கப்பட்டது கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில் கிளாவரை. அதைத் தாண்டினால் கேரளா. நான் சொல்வது அறுபதுகளில் நடந்தது. அப்போது எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. பூண்டு மூட்டை குதிரை மேல் போகும், நாங்கள் குதிரைக்குப் பின்னால் போவோம். அடிவாரத்துக்காரிக்கு மலை ஏறத் தெரியுமா என்று கேட்ட சனத்தின் முன்னால் ஆம்பளைகளை முந்திக்கொண்டு ஏறிக் காட்டினேன். (இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், எங்கள் ஊரில் என்னை முந்தியவர்கள் யாருமில்லை.) இந்தப் பெருமையை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் மகள் வேலம்மாவுக்கு நாலு வயது ஆகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். உலை கொதித்தால் ஓடி வந்து என் சேலையை இழுப்பாள். சிரிப்பாள், கோபம் வந்தால் பூண்டை எடுத்து எறிவாள். வார்த்தை மட்டும் வராது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் காட்டினோம். "காதும் நாக்கும் நல்லாத்தான் இருக்கும்மா. அவளுக்குத் தோணும்போது பேசுவா" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரியே குறட்டை விட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஊரில் பிள்ளைகள் அவளை 'ஊமச்சி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று நானும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் யாரோ அப்படிக் கூப்பிட, வேலம்மா தன் பெயரைக் கேட்டவள் மாதிரி சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்று. எங்கள் மலையிலேயே இருக்கிற முருகன், பூம்பாறை வேலப்பரிடம் நேர்ந்துகொண்டேன். பழனியில் அவளுக்கு மொட்டை போட்டேன். மலை மேல் அவ்வளவு கூட்டத்தில் எங்கள் குரல் முருகன் காதில் விழுந்திருக்குமோ என்னவோ. பதில் வரவில்லை.

பழனியிலிருந்து நேரே திண்டுக்கல் போனோம். அங்கேதான் அங்கம்மா மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, குடியிருந்தார். மதினியின் புருஷன் சுருட்டுச் சுற்றுகிறவர். அந்த வீட்டில் தண்ணீர் குடித்தாலும் புகையிலை மணக்கும். மதினி நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம் முன்னால் போகும்.

"ஏ மூக்காயி, வந்ததுல இருந்து புள்ளய மடியில போட்டுக்கிட்டே கெடக்க. இப்பிடியே வச்சிருந்தா அது எங்கிட்டுப் பேசும்? நீதான் அது கேக்கும் முன்னாடி எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துருதியே."

"அதுக்குப் பேச வரட்டும் மதினி, அப்புறம் நான் எடுத்துக் குடுக்கல."

"சரி சரி, மூஞ்சியத் தூக்காத. வெரசாக் கெளம்பு, கோட்டைக்குப் போயிட்டு வருவோம். மேல கோயிலும் இருக்கு. இப்ப அங்க என்னமோ பெரிய வேடிக்கை நடக்குதாம்."

கோயில் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் தேங்காய், கற்பூரம், தீப்பெட்டி, பழனி விபூதி எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். மதினி புருஷன் தன் மச்சானுக்கென்று, அதாவது என் வீட்டுக்காரருக்கென்று கொடுத்த சுருட்டுக் கட்டும் அதே பையில்தான் கிடந்தது.

திண்டுக்கல் பாறையைப் பக்கத்தில் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. மலை என்றால் எனக்கு மரமும் மஞ்சும்தான். இது ஒரே கல். ஊருக்கு நடுவில் யாரோ கொண்டுவந்து இறக்கிவைத்தது போல, புல் பூண்டு இல்லாத மொட்டைக் கல். வேலம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள். அந்தக் கல்லின் தலையைச் சுற்றி முண்டாசு கட்டியது போல மதில். மேகம் போகிற இடத்தில் கொண்டுபோய் எவன் சுவர் வைத்தான்? கழுத்து வலிக்கிற வரை பார்த்தேன்.

வாசலில் ஒரு பலகை இருந்தது. அதில் எழுதியிருந்ததைப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு அப்போது என் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டத் தெரியும். பலகையில் மூக்காயி என்று எங்குமே போடவில்லை. எனக்குச் சம்பந்தமில்லாத பலகை என்று தாண்டிப் போனேன்.

பாறையிலேயே வெட்டிய படிகள். மதினி கொஞ்சத் தூரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அக்காவுக்கு விசிறிக்கொண்டு நின்றார்.

"ஏ மூக்காயி, நில்லுடி! மேல என்ன இருக்கு, என்ன இல்லன்னு சொல்லுதேன், கேட்டுட்டுப் போ! ஒனக்கென்ன காலா, குதிரைக் கொளம்பா?"

குதிரை என்று சொன்னதும் எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் ஒரு நிழலில் கும்பலாகச் சனம் நின்றது, யாரோ வந்து கூட்டிப்போகட்டும் என்று. நிற்பது எனக்குப் பிடிக்காது. அவர்களையும் தாண்டினேன்.

மேலே போய் மதில் சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். ஐப்பசி மழை விட்டு வானம் கழுவித் துடைத்தது போலிருந்தது. மேற்கே எங்கள் மலை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நீலமாக நீட்டிப் படுத்திருந்தது. அடிவாரத்தில் பிறந்து மேலே வாழப்போனவள் நான், அந்த மலையை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதில் எங்கோ ஒரு மடிப்பில் எங்கள் வீடு, அடுப்பு, பூண்டுப் பாத்தி. இவ்வளவு பெரியதன் மேலேயா நான் குதிரைக்குப் பின்னால் நடந்து திரிகிறேன்? எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. வேலம்மாவும் பார்த்துக் கைகூப்பினாள்.

பிறகு கோயிலைத் தேடிப் போனேன். தூணெல்லாம் அழகு அழகாகச் செதுக்கியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் வௌவால். கருவறையில் சாமி இல்லை. வெறும் இருட்டு. (இங்கே இருந்த அம்மனைக் கீழே ஊருக்குள் கொண்டுபோய் எத்தனையோ காலம் ஆயிற்றாம். மதினி சொல்லவந்தது இதைத்தான்.) பழனியிலாவது சாமி இருந்தது, கூட்டத்தில் நான் சொன்னது கேட்கவில்லை. இங்கே கேட்பதற்கே ஆள் இல்லை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அழுகை வந்தது.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன்.

மதில் ஓரத்தில் ஒரு வளைவு, அதற்குள் அரை இருட்டு, பக்கத்தில் ஒரு பீரங்கி. வளைவுக்குள் அவர் நின்றிருந்தார். சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்காக வெள்ளைப் பட்டை, உயரத் தொப்பி, தோளில் நெட்டைத் துப்பாக்கி, ரோஜா நிறக் கன்னம், காது வரைக்கும் மீசை. கண் இமைக்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். பாலசமுத்திரத்தில் எங்கள் வயலுக்கு அப்பால் ஒரு அய்யனார் கோயில் உண்டு. அங்கே மண்குதிரைகளுக்கு நடுவில், தொப்பியும் சிவப்புக் கோட்டும் துப்பாக்கியுமாக ஒரு மண்சிப்பாய் நிற்பார். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரப் பட்டாளத்தைப் பார்த்து மிரண்ட குயவர், இவனும் அய்யனாருக்குக் காவல் நிற்கட்டும் என்று செய்து வைத்தது. சின்ன வயதிலிருந்து அவரைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். சேவலும் சுருட்டும் வைத்தால் கேட்டதைக் கொடுப்பார். உள்ளே இருந்த சாமி எங்கேயாவது போயிருக்கலாம், காவல்காரர் இடத்தை விட்டு நகருவாரா? இதோ நிற்கிறார் என்று நினைத்தேன்.

பீரங்கி மேல் ஒரே போடு, தேங்காய் இரண்டாயிற்று. தொப்பி லேசாக ஆடியது. மேலே காற்று அதிகம். விபூதியை எடுத்து அவர் கையில் பூசினேன். கை சுடச்சுட இருந்தது. பாறையே சுடுகிற வெயிலில் சாமி சுடத்தானே செய்யும்? காலடியில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். பிறகு ஒரு சுருட்டை எடுத்து உதட்டில் வைத்தேன். உதடு பிரிந்து அதை வாங்கிக்கொண்டது!

எனக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துவிட்டது. குச்சியைக் கிழித்துப் பற்ற வைத்தேன். சாமியின் மூக்கு இரண்டு வழியாகவும் புகை வந்தது.

பாலசமுத்திரத்து மண்சிப்பாய் இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட என் சுருட்டை இழுத்ததில்லை. இது பெரிய சாமி. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்தேன். குனிந்தால், அவருடைய கால்சட்டை முழங்காலில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. பாவம், கவனிப்பார் இல்லாத சாமி.

"சாமி, நான் மூக்காயி. மேல்மலை. எம்புள்ளய ஊரே ஊமச்சிங்குது. அந்தப் பேரக் கேட்டு இவளே திரும்பிப் பாக்குதா சாமி. அந்தப் பேரு இவளுக்கு வேண்டாம். ஒத்த வார்த்த, ஒரே ஒத்த வார்த்த பேச வச்சிரு. வருசா வருசம் ஒனக்குச் சேவலும் சுருட்டும் கொண்டாருதேன். புதுக் கால்சட்டையும் எடுத்துத் தாரேன்."

சொல்லச் சொல்ல என் குரல் உடைந்துவிட்டது. தலையைத் தூக்கினால் சாமியின் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து, கன்னத்து ரோஜா நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? கண்ணை இறுக மூடிக் கும்பிட்டேன்.

மூடியிருக்கக் கூடாது. காற்று கற்பூரத்தைச் சாய்த்து, காலில் சுற்றியிருந்த துணிப் பட்டையின் நுனியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஏதோ கருகுகிற வாசனை வந்தது. கோழி பொசுக்குகிற வாசனை.

"ஐயையோ! யாத்தே!"

கண்ணைத் திறந்தேன். கத்தியது சாமி. சுருட்டைத் துப்பியது. துப்பாக்கியை எறிந்தது. (அது மரத்துப்பாக்கி, டொக்கென்று விழுந்தது.) ஒரு காலில் தீயோடு நொண்டியடித்து, பாறையில் மழைத்தண்ணீர் நின்ற சுனையைப் பார்த்து ஒரே ஓட்டம்.

"ஆத்தா, சாமி ஓடுது!"

"ஆமாடி ஓடுது, நீ வெலகி நில்லு!" என்றேன் நான்.

சாமி சுனையில் தொபுக்கென்று விழுந்தது. அதற்குள் பக்கத்துப் பட்டாளக் கட்டிடத்திலிருந்து திமுதிமுவென்று இன்னும் நாலைந்து சிவப்புக் கோட்டுகள், ஒரு தலைப்பாகைக்காரர், முகமெல்லாம் வெள்ளை பூசிய ஒரு கேப்டன் என்று கத்தியும் கையுமாக ஓடி வந்தார்கள். ஒரு காவல்காரரைக் கொளுத்தியதற்குப் பட்டாளமே எழுந்து வந்துவிட்டது என்று நான் அப்படியே தரையில் விழுந்து, "தெரியாமச் செஞ்சுட்டேன், புள்ளய விட்ருங்க!" என்று கதறினேன்.

தலைக்கு மேலே வெள்ளைக்காரக் கேப்டன் திண்டுக்கல் தமிழில் பேசினார்.

"ஏலே தர்மலிங்கம்! வேலை நேரத்துல என்னலே குளியல்?"

எனக்கு விளங்க ஆரம்பித்தது. தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் என்றால், அது பாறை. அந்த நேரம் பார்த்து மதினி கடைசிப் படியில் தலையை நீட்டினார், பின்னால் என் வீட்டுக்காரர். மதினிக்கு மூச்சு வாங்கியது.

"ஏ மூக்காயி... யாருடி அது? யாரு 'ஆத்தா'ன்னது?"

நான் தலையைத் தூக்கினேன். வேலம்மா சுனைக் கரையில் குத்தவைத்து, கையை நீட்டிக் காட்டினாள்.

"தொப்பி மெதக்குது. சாமி நனஞ்சிருச்சு. ஆத்தா, சாமிக்கு மீசையக் காணோம்."

நான் ஏற்கெனவே அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்! நாலு வருஷம் காத்துக் கிடந்த வார்த்தை வந்தது, 'வெலகி நில்லு' என்று அதட்டியிருக்கிறேன்! எழுந்து ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். அவள் என் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று கேட்காதீர்கள், எனக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது. கொஞ்சம் கரகரப்பான குரல். அவளுக்கு இப்படித்தான் குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பட்டாளமெல்லாம் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பின்னாலேயே, பாதி வழியில் காத்து நின்ற கூட்டத்தோடு கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் வந்துசேர்ந்தார். இந்த வேஷ ஏற்பாடு அவருடைய யோசனையாம். கோட்டை பார்க்க வருகிற சனத்துக்குப் பழைய பட்டாளத்துக்காரர்களே சுற்றிக்காட்டுவது போல இருக்க வேண்டும் என்று, மழைக்காலத்தில் சும்மா இருந்த நாடகக்காரர்களைப் பிடித்து நிறுத்தியிருந்தார். வாசல் பலகையில் எழுதியிருந்ததும் இதுதானாம். தான் வருகிற வரை காவல்சிப்பாய் சிலை மாதிரி நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு.

"இங்க யாரு தேங்காய் உடைச்சது?"

"நான்தாங்க" என்றேன். என்ன ஆனாலும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

"எதுக்கும்மா?"

"எம்புள்ள பேசணும்னுங்க."

"பேசுச்சா?"

"மீசையக் காணோம்" என்றாள் வேலம்மா அவரிடம்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொட்டச் சொட்ட நின்ற சிப்பாயிடம் திரும்பினார். "தர்மலிங்கம், அசையக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"அசையலைங்க ஐயா. தீப்பிடிக்கிற வரைக்கும் அசையலைங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். தர்மலிங்கத்தின் சோலி தப்பியது. காலில் முடி பொசுங்கியதைத் தவிர வேறு காயமும் இல்லை.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். "ஏன்ணே, நான் மனுசன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தேங்கா ஒடச்சப்பவே சொல்லியிருப்பேன் தாயி. ஐயா வர்ற நேரமாச்சேன்னு நின்னேன். பெறகு சுருட்ட வச்ச..." தலையைச் சொறிந்தார். "வெள்ளனே இருந்து ஒண்ணுகூடப் பிடிக்கல. அதுக்கப்புறம் நீ புள்ளயப் பத்திச் சொன்ன. அந்த நேரத்துல, நான் சாமியில்ல போ தாயின்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

கேப்டன் வேஷக்காரர் பக்கத்தில் வந்து, "இவன் நாடகத்துல எப்பவும் வாசக்காவல்தாம்மா. முருகன் வேஷம் கேட்டான், மூக்கு சரியில்லைன்னுட்டாங்க" என்றார்.

"இன்னைக்குக் கெடச்சிருச்சுல்லே" என்றார் தர்மலிங்கம். பிறகு என்னிடம் குரலைத் தணித்து, "அந்தக் கால்சட்டை சமாச்சாரம் நெசந்தானா தாயி?" என்று கேட்டார்.

அவரே ஈரத்தோடு எங்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டினார். நாயக்கர் கட்டியது, மைசூர்ப் பட்டாளம் பிடித்தது, அவர்களிடமிருந்து வெள்ளைக்காரன் பிடித்தது என்று மேடையில் வசனம் பேசுவது போல முழங்கினார். வெடிமருந்து வைத்த அறைக்குள் போனதும் உச்சி வெயிலிலும் சில்லென்றிருந்தது. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "இந்தப் பீரங்கிய இம்புட்டு உசரத்துக்கு எப்பிடிண்ணே ஏத்துனாங்க?"

"மனுசன்தான் தாயி. கயித்தக் கட்டி, இழுத்து."

பீரங்கி மேல் கையை வைத்துப் பார்த்தேன். தேங்காய்த் தண்ணீர் சிந்திய ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு பூண்டு மூட்டையை மேட்டில் ஏற்ற நாங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். இதை இழுத்தவர்களின் பெயர் தர்மலிங்கத்துக்கும் தெரியவில்லை, வாசல் பலகையிலும் போட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

கீழே இறங்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக, "டாக்டர் சொன்னது சரியாப்போச்சு பாத்தியா" என்றார்.

"டாக்டர் ஓடலையேங்க" என்றேன்.

மதினிக்குத் தாங்கவில்லை. "அதுக்காக வேசக்காரனுக்கு யாராச்சும் நேத்திக்கடன் செலுத்துவாகளா? ஊரு சிரிக்கும்டி!"

"வாய் தெறந்துச்சா இல்லையா மதினி?"

மதினி அடுத்த படிக்குக் காலை நீட்டினார். அவர் கையைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்த வேலம்மா, "அத்தைக்கு மூச்சு வாங்குது" என்றாள்.

அந்த வேஷக்காரர் ஏற்பாடு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. என் நேர்த்திக்கடன் நீடித்தது. வருஷா வருஷம் சேவல், சுருட்டு, கால்சட்டைத் துணி மூன்றையும் தர்மலிங்கம் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேவலை அவர் சம்சாரம் குழம்பு வைத்து எங்களுக்கும் போடும். வேலம்மா கல்யாணப் பத்திரிகையில் மேலே எந்தச் சாமி துணை என்று போடுவது என அச்சாபீஸில் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே, "கால்சட்டைச் சாமி துணைன்னு போடுங்க" என்றார். போட்டுவிட்டார்கள். பூம்பாறை வேலப்பருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்.

கல்யாணத்துக்கு அண்ணன் நான் எடுத்துக் கொடுத்த கால்சட்டைத் துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போட்டோக்காரர் பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் அண்ணன் திடுக்கிட்டு எழுந்து இரண்டு எட்டு ஓடினார். மணவறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து, "ஆத்தா, சாமி ஓடுது!" என்று மண்டபமே அதிரக் கத்தினாள். மாப்பிள்ளை வீட்டார் எந்தச் சாமி என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

வேலம்மா இப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறாள். அவள் ஏலம் கூறினால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திக் கேட்பார்கள். ஊமச்சி என்ற பெயரை ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. தர்மலிங்கம் அண்ணன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் திண்டுக்கல் போகும்போது அந்தப் பாறை கண்ணில் பட்டதும் நான் எழுந்து நின்று கும்பிடுவேன். பேரன் பேத்திகள் எல்லாம் சேர்ந்து, "சாமி ஓடுது!" என்று கூச்சல் போடுவார்கள். ஒரு தடவை கண்டக்டர் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பதறி விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தார், யாரும் இல்லை. திரும்பி ஏறி, "யாரும்மா ஓடுனது?" என்று என்னைக் கேட்டார். கும்பிட்டு முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதுவரைக்கும் வண்டி நின்றது.